கதவளவு காசோலை

அந்த ஆவணப்படத்தைப் போட்டவர் என் கணவர். போட்ட பத்து நிமிடத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனவரும் அவரே. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்த பாவத்துக்கு இப்போது தனியாளாகப் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார். திமிங்கிலம், எரிமலை, உலகப் போர் என்று எதைப் போட்டாலும் தலைப்பு மறைவதற்குள் கண் சொருகிவிடும். டிவியை அணைத்தால் மட்டும் உடனே விழித்து, "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பார். ஆகையால் மீதிப் படத்தை நான்தான் பார்ப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடியது ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி கவிழ்ந்த கதை. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் வரிசையான பற்கள். பாலம் கட்டுவது அவர்கள் தொழில். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த அன்றே, இன்னும் ஒரு தூண்கூட எழும்பாத பாலத்தில் எத்தனையோ வருடம் கழித்து ஓடப்போகிற கார்களின் டோல் பணத்தை அந்த வருட வருமானமாக எழுதிவிடுவார்கள். வருமானம் என்று எழுதியதால் லாபம், லாபம் என்பதால் போனஸ். போனஸ் வாங்கியவர்கள் படகு வாங்கினார்கள். பாலம் மட்டும் வரைபடத்திலேயே இருந்தது.

நான் ஈப்போவில் மலேசிய அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். நான் இப்படிப்பட்ட படம் பார்ப்பது, ஓய்வுபெற்ற நர்ஸ் நாடகத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி பார்ப்பது மாதிரி. கதையைவிட ஊசி பிடிக்கிற லட்சணம்தான் கண்ணில் படும். "இதுக்கு பில் எங்கே?" என்று திரையைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

வந்தது என் தம்பி. லாரி ஓட்டி ஓய்ந்தவன். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு அவன்தான் இப்போது பொருளாளர். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் வீட்டுமனை வந்தது. மாரியம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அந்தக் கோயில் நிர்வாகத்தில் எனக்கும் ஒரு பதவி உண்டு, உள் தணிக்கையாளர். சம்பளம் கிடையாது. திருவிழாவில் ஒரு மாலை போடுவார்கள், அதையும் போட்டோ எடுத்து முடிந்ததும் அடுத்தவருக்காகக் கழற்றிக்கொள்வார்கள்.

தம்பி கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மேலே சமையலுக்குப் பெத்தாய்க் காய், காட்டு மரத்து அவரை மாதிரி; கீழே ஃபைல். அவன் பெத்தாய் கொண்டுவந்தால் ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் அன்று அவன் ஃபைலை எடுப்பதற்குள் படம் அவனைப் பிடித்துக்கொண்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னக்கா இது? இன்னும் பாலமே கட்டல. டோல் காசு வந்திருச்சின்னு எழுதிட்டானுங்களா?"

"ஆமா."

"அடப்பாவி. கோட்டு வேற போட்டிருக்கான். ஆடிட்டர் என்னக்கா பண்ணான்?"

"அவங்களோட கோல்ஃப் விளையாடப் போயிருந்தான்."

"மூஞ்சப் பாரு. இவனுக்கெல்லாம் எப்படிலா தூக்கம் வருது?"

தூக்கம் என்ற சொல் காதில் விழுந்து என் கணவர் கண்ணைத் திறந்தார். "முடிஞ்சிருச்சா?"

"இல்ல மாமா, இப்பதான் மாட்டுறானுங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் போய்விட்டார்.

கம்பெனியின் வாசலில் ஒரு ஊழியர் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதலாளியை விலங்கு மாட்டி அழைத்துப்போனபோது கை தட்டினான். படம் முடிந்ததும் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, பெத்தாயை என் கணவரின் காலடியில் எடுத்து வைத்துவிட்டு, ஃபைலை என்னிடம் நீட்டினான். கோயிலின் போன வருடக் கணக்கு. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

முதல் பக்கத்திலேயே, நன்கொடை என்ற இடத்தில், ஐம்பதாயிரம் வெள்ளி. பேங்க் அறிக்கையைப் புரட்டினேன். அங்கே அப்படி ஒன்று இல்லை.

"இது எங்கடா?"

"அதான்க்கா, திருவிழாவுல டத்தோ குடுத்தாருல்ல. நீயும்தான் கை தட்டுன."

தட்டினேன். மறுக்கவில்லை. டத்தோ பட்டம் வாங்கிய அந்த மனிதர், அகில் மரம் நட்டு விற்கிற ஒரு கம்பெனிக்குத் தலைவர். போன வருடத் திருவிழாவுக்கு வந்து, மாலை வாங்கி, அம்மனைப் பற்றி இரண்டு நிமிடமும் அகில் மரத்தைப் பற்றி அரை மணி நேரமும் பேசி, கடைசியில் மண்டபத்துக்குப் புதுக் கூரை போட நன்கொடை அறிவித்தார். அப்போது இரண்டு பேர் ஒரு காசோலையைத் தூக்கி வந்தார்கள். எங்கள் வீட்டு முன்கதவு அளவு. பாலிஸ்டிரீன் அட்டையில் அச்சடித்து ஒட்டியது. நம் நாட்டில் இதற்கு மாதிரி காசோலை என்று பெயர். போட்டோவுக்காகக் கொடுப்பது. நிஜப் பணம் பின்னால் பேங்க் வழியாக வரும், முறையான இடங்களில் வரவும் செய்யும். காற்று அடித்ததில் அந்த அட்டை டத்தோவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போக, கோயில் தலைவர் அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. தழுவி வாழ்த்துவதாகக் கீழே எழுதியிருந்தார்கள்.

திருவிழா முடிந்ததும் அட்டையை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. பெட்டகத்தில் நுழையாது. கோயில் அலுவலகத்துச் சுவரில் மாட்டினார்கள். பின்னால் ஆயுத பூஜை வந்தபோது உண்டியல் சாவி, பழைய ரப்பர் பால்வெட்டுக் கத்தி, கம்ப்யூட்டர், கோயில் வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு யாரோ காசோலைக்கும் வைத்துவிட்டார்கள். குருக்கள் தீபாராதனையும் காட்டினார். தீபாராதனை வாங்கிய பொருளை வெறும் அட்டை என்று சொல்ல அதற்குமேல் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அது போட்டோவுக்குக் குடுக்குறதுடா" என்றேன்.

"இருந்தா என்னக்கா? பேங்க் பேரு இருக்கு. கையெழுத்து இருக்கு. நம்ம கோயில் பேரு ஒரு எழுத்து தப்பில்லாம இருக்கு."

"பேங்க்ல போட்டியா?"

"எப்படிக்கா போடுறது? அந்த மிஷின் ஓட்டையில போகாதே."

நான் டிவியைக் காட்டினேன். திரை அணைந்திருந்தாலும் அவனுக்குப் புரிந்தது.

"அது வேற, இது வேறக்கா. அவனுங்க திருடனுங்க. நாங்க கோயிலு."

அப்போதுதான் எனக்கு அந்தக் கூரை ஞாபகம் வந்தது. "மண்டபத்துக் கூரை என்னாச்சு?" என்று கேட்டேன். தம்பி பெத்தாயைப் பார்த்தான். கேட்டுக் கேட்டு வெளியே எடுத்த சங்கதி இதுதான். கணக்கில் பணம் வந்துவிட்டதால் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, பழைய தகரத்தை முழுசாகக் கழற்றியாகிவிட்டது. கோயில் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்ததில் சட்டத்துக்கு இரும்பு வந்து இறங்கியது. மீதிக்காக வேலை நின்றிருந்தது. மண்டபம் என்பது இப்போது தூண்களும் ஆகாயமும்.

அந்த மண்டபத்தில்தான் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் அவன் ஒரே மகளுக்குக் கல்யாணம். பெண் தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான், வீடு பாரிட் புந்தார். பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தாயிற்று. அடுத்து ஆடி பிறந்துவிடும் என்பதால் அந்த ஒரு நாளுக்குச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபமும், எந்த டேவானும் காலியில்லை. நான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன் என்று தெரிந்து முன்கூட்டியே எல்லா இடத்திலும் கேட்டு வைத்திருந்தான்.

"மழை வந்தா?"

"வராதுக்கா."

"அதையும் கணக்குல எழுதிட்டியா?"

அவன் கோபிக்கவில்லை. மாறாக முகம் மலர்ந்தது. "நீ ஏன்க்கா பயப்படுற? நாளைக்கு டத்தோ கம்பெனி ஆபிஸுக்கு வரச் சொல்லிப் போன் பண்ணாங்க. ரொம்ப மரியாதையா, ஐயான்னு கூப்புட்டாங்க. ரசீது புத்தகத்தைக் கொண்டுவரணுமாம்."

"செக்கு தர்றாங்களா?"

"முதல்ல ரசீது. அதுதான் ப்ரோசீஜராம்."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஓய்வுபெற்றதிலிருந்து என்னிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நானும் வாரேன்" என்றேன்.

*

கம்பெனி ஈப்போவில் புதுக் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருந்தது. ஏறியதுமே குளிர். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அகில் கட்டை, அதன்மேல் விளக்கு. சுவர் முழுக்க டத்தோ காசோலை கொடுக்கிற படங்கள். முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், கால்பந்துக் குழு. எங்கள் கோயில் படம் நடுவில், இடுப்பைப் பிடித்தது. தம்பி அதன் முன்னால் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

எங்களை உள்ளே அழைத்துப்போனது கணக்குப் பிரிவு மேலாளர். முப்பது வயதுக்குமேல் இருக்காது. நல்ல பெண். சோர்ந்த கண். குடிக்க மைலோ வரவழைத்தாள். டத்தோ வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, உங்க நன்கொடைக்கு ரசீது இன்னும் வரல. எங்க ஆடிட்டர் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நன்கொடையே இன்னும் வரலையேம்மா" என்றேன் நான்.

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "போன வருஷக் கணக்கிலேயே செலவு எழுதியாச்சு ஆன்ட்டி. பாருங்க."

பார்த்தேன். அவர்கள் கணக்கில் கோயிலுக்கு ஐம்பதாயிரம் போய்விட்டது. எங்கள் கணக்கில் கம்பெனியிடமிருந்து ஐம்பதாயிரம் வந்துவிட்டது. தேதிகூட ஒன்றே, திருவிழா நாள். என் உத்தியோக காலத்தில் இரண்டு தரப்பின் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஐந்து சென் காசு வித்தியாசத்துக்காக நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட ஆபிஸ்கள் உண்டு. இங்கே ஒரு சென் பிசகில்லை. பணம் மட்டும்தான் இல்லை.

நான் இந்த அதிசயத்தை ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி ரசீது புத்தகத்தை எடுத்து, கார்பனைச் சொருகி, பேனாவை உதறிக்கொண்டிருந்தான்.

"பேரு எப்படிம்மா எழுதணும்? டத்தோவுக்கு முன்னாடி மாண்புமிகு போடவா?"

நான் புத்தகத்தின்மேல் கையை வைத்தேன்.

"ஆன்ட்டி, ரசீது முதல்ல, செக்கு அப்புறம். எங்க ப்ரோசீஜர் அப்படி."

"நல்லதும்மா. எங்களுக்கும் ஒன்னு இருக்கு. இந்த ரசீதுல பாரு, காசோலை எண்ணுன்னு ஒரு கட்டம். அதை நிரப்பாம கிழிக்கக் கூடாது. நம்பர் சொல்லு, தம்பி எழுதட்டும்."

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். மவுஸ் மேலும் கீழும் போனது. அவள் திணறுவதைத் தம்பியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா! சைபர் சைபர் சைபர், சைபர் சைபர் சைபர்."

தினமும் சுவரில் பார்க்கிறவன், மனப்பாடம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, இருமலா என்று நான் கேட்கவில்லை.

"சரி, உங்க ஆடிட்டர் எங்களுக்கே கடிதம் போட்டு, பணம் கெடைச்சுதான்னு கேட்டா என்னம்மா பதில் எழுதுறது?" என்றேன்.

"கேப்பாங்களா ஆன்ட்டி?"

"நானா இருந்தா கேப்பேன்."

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் இறங்கிப்போனது. "நான் இப்பதான் சேர்ந்தேன் ஆன்ட்டி. எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க."

முன்னாடி இருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் தணிக்கைக்குப் போன எல்லா ஆபிஸிலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். எல்லாத் தப்பையும் செய்துவிட்டு எங்கள் ஜீப் வருவதற்கு முந்தின மாதம் மாற்றலாகிப் போய்விடுவார்.

ஆனால் இந்தப் பெண் பயந்திருந்தது நிஜம். அதனால் விளக்கமாகவே சொன்னேன். பணத்தைக் கொடுத்தால் ரசீது உடனே. பணம் இல்லையென்றால் செலவு எழுதியதைத் திருப்பி எழுதவேண்டும், நாங்களும் வரவு எழுதியதைத் திருப்பி எழுதுவோம். மூன்றாவது வழி கிடையாது. திருப்பி எழுத டத்தோ ஒத்துக்கொள்ளமாட்டார் என்றாள். அந்தப் படம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அட்டைப்படமாக வந்துவிட்டதாம். அப்படியென்றால் நீயே யோசி என்று சொல்லிவிட்டு மைலோவைக் குடித்து முடித்து எழுந்தேன்.

காரை ஓட்டியது தம்பி. ஈப்போ தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளும் தாண்டி, செம்மோர் பக்கம் வந்தபோது வாயைத் திறந்தான்.

"கெடுத்துட்டக்கா."

"எதைடா கெடுத்தேன்?"

"ரசீத எழுதிக் குடுத்திருந்தா அவங்களுக்கு மனசு வந்து குடுத்திருப்பாங்க. எப்படி மரியாதையா பேசுனாங்க. முப்பது வருஷம் லாரி ஓட்டுனேன். ஒரு ஆபிஸுல எவனாச்சும் உக்கார வெச்சி மைலோ குடுத்திருக்கானா? ஓய் லாரி, பின்னாடி கேட்டுக்கு வான்னுதான் கூப்புடுவான்."

அவன் மேலும் சொன்னான். "சனிக்கிழமை பாரிட் புந்தார்லேர்ந்து சம்பந்தி வாரேன்னுட்டாரு. மண்டபத்தைப் பாக்கணுமாம். நான் என்னத்தக் காட்டுறது? தூணக் காட்டவா? பொண்ணு நேத்துகூடப் போன் பண்ணி, கூரைக்கு என்ன கலருப்பான்னு கேட்டா. நீலம்னு சொல்லிட்டேன்."

*

சம்பந்தி சனிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். இதுவே எங்கள் பக்கத்துக்கு அதிர்ச்சி. பாரிட் புந்தாரில் நெல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். எதையும் ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிற ஆள். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

தம்பி விடிய எழுந்து கோயில் வாசலைக் கூட்டி, தூண்களுக்கு வாழைமரம் கட்டியிருந்தான். வாழைமரம் கட்டியதும் தூண்கள் இன்னும் தனியாகத் தெரிந்தன. பினாங்கிலிருந்து தகரம் வருகிறது, கப்பலில் தாமதம் என்று சொல்லப்போவதாக என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தான். நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் கல்யாணம், அவன் சம்பந்தி. ஒத்துக்கொண்டேன்.

சம்பந்தி மண்டபத்தின் நடுவில் போய் நின்றார். மேலே பார்த்தார். மேகம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"கூரை..." என்றார்.

"வருது சம்பந்தி. வந்துட்ட மாதிரிதான். தகரம் பினாங்குலேர்ந்து..." என்று ஆரம்பித்த தம்பி அங்கேயே நின்றுவிட்டான். நான் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சம்பந்தி. தகரம் வரல. காசு வரல. வந்துரும்னு நெனச்சி பழசக் கழட்டிட்டேன். வந்துருச்சின்னு எழுதியும் வெச்சிட்டேன். கல்யாணத்தை மாத்தச் சொன்னீங்கன்னா கேக்க எனக்கு வாய் இல்ல."

சம்பந்தி மண்டபத்தை ஒரு சுற்று நடந்தார். இரும்பைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார்.

எங்களுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"யாரு காசு தர்றேன்னது?"

தம்பி அவரைக் கோயில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான். குங்குமம் காய்ந்துபோயிருந்த காசோலையைச் சம்பந்தி கிட்டப்போய்ப் படித்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்கூரு பள்ளிக்கூடத்துல இது மாதிரி ரெண்டு கெடக்கு சம்பந்தி. ஒன்ன கேன்டீன்ல வெயிலுக்கு மறைப்பா கட்டியிருக்கு. நீங்க பொட்டு வெச்சி சாமியாக்கிட்டீங்க. நாங்க அந்த அளவுக்கு முன்னேறல."

தம்பியும் சிரித்தான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான் என்று அவன் மனைவி பின்னால் சொன்னாள். நாள் மாறாது, இடமும் மாறாது என்று சம்பந்தி சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மணவறை மட்டுமாவது நனையாமல் இருக்கவேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் ஓமத்தீ அணைந்தால் அவர் மனைவி சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பாராம். மற்றபடி அவர்கள் பக்கத்து ஆட்கள் வயலில் நின்று வளர்ந்தவர்கள், மழைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை.

அடுத்த வாரம் அந்தக் கணக்குப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஆடிட்டர் கடிதம் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்களாம். டத்தோ வெளிநாட்டிலிருந்து அவசரமாகத் திரும்பியிருக்கிறார். பாதி இப்போது, மீதி அடுத்த நிதியாண்டில். பாதிக்கு ரசீது தருவீர்களா என்று கேட்டாள். கொடுக்கிறதுக்குத் தருவோம் என்றேன்.

இந்தத் தடவை காசோலை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தம்பிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மிஷின் அதை விழுங்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பின்னால் நின்ற சீனப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். பணம் கணக்கில் ஏறுகிற வரைக்கும் தினமும் ஒருமுறை பேங்குக்குப் போய்வந்தான். ஏறியதும் நேராக என் வீட்டுக்கு வந்து, கணக்கைத் திருத்தி எழுதிவிட்டேன் என்று நீட்டினான். நன்கொடை, ஐம்பதாயிரம்.

"பாதிதானேடா வந்திருக்கு?"

"மீதி அடுத்த வருஷம் தர்றேன்னு எழுத்துலயே குடுத்திருக்காங்கக்கா. இப்ப அது வந்த மாதிரிதானே?"

சிவப்புப் பேனாவைத் தேடி எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். போன வருடக் கணக்கில் அந்த வரியை எடுத்துவிட்டு, இந்த வருடத்தில் வந்ததை மட்டும் எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் கண் திறக்காமலே, "மாட்டுனானுங்களா?" என்று கேட்டார்.

கூரை போடுகிற குத்தகைக்காரர் சுங்கை சிப்புட் சீனர், ஊரில் எல்லாருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. அப்பா காலத்திலிருந்து தோட்டங்களுக்கு வேலை செய்தவர்கள், எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். தம்பி விஷயத்தைச் சொன்னதும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பாதி காசு, பாதி கூரை. அண்ணே, எந்தப் பாதி வேணும் சொல்லு லா."

எந்தப் பாதி என்பதில் நிர்வாகக் குழு கூடி விவாதித்தது. மணவறைப் பக்கம் என்று ஒரு கட்சி. சாப்பாட்டுப் பக்கம் என்று ஒரு கட்சி, ஜனங்கள் எதற்கு வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். ஒரு தகரம் விட்டு ஒரு தகரம் போட்டால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று துணைத்தலைவர் சொன்னதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை. தவுக்கே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொண்ணு எங்க உக்காரும்? அங்க போடுறேன்" என்று சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீலத் தகரம்தான்.

கல்யாணத்தன்று காலையில் நல்ல வெயில். மணவறைக்கு மேல் நீலக் கூரை, சாப்பாட்டுப் பந்திக்கு மேல் வாடகைக் கூடாரங்கள். நடுவில் ஒரு கார் அகலத்துக்கு வானம். ஓமத்தீ ஒழுங்காக எரிந்தது. தாலி ஏறியது. சம்பந்தியின் மனைவி கூரையையும் தீயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டியதை நான் கவனித்தேன். தம்பி அழுதான். மூக்கைச் சிந்தியது என் சேலைத் தலைப்பில்.

இரண்டாவது பந்தி உட்கார்ந்தபோது மழை வந்தது. எங்கள் பேராக் மாநிலத்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது, மேலே யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி. கூடாரங்களின் வயிறு தொங்க ஆரம்பித்தது. ஒன்று சரிந்து, சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அருவியாகக் கொட்டியது. அவ்வளவுதான். சோறு போட்ட வாழையிலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மொத்தக் கூட்டமும் நீலக் கூரைக்கு அடியில் ஓடி வந்தது. பாரிட் புந்தாரும் சுங்கை சிப்புட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். யார் இலையில் யார் அப்பளம் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையிலிருந்து இறங்க வழியில்லாமல் நின்றபடி எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"நல்ல கூட்டம் சம்பந்தி! இடம் பத்தல!" என்று பாரிட் புந்தார்க்காரர் கத்தினார். அவர் மனைவி என் காதோடு, ஹோட்டலில் வைத்திருந்தால் இவ்வளவு நெருக்கமாகப் பழகியிருக்கமாட்டோம் என்றார். அவர் முழங்கை என் விலாவில் இருந்தது.

கூரை முடிகிற விளிம்பில், மழையில் தொப்பலாக நனைந்தபடி, தவுக்கே நின்றார். விருந்துக்காகப் போட்டு வந்த பாத்திக் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தகரம் சேருகிற இடங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசி மூலையில் திரும்பி, கூட்டத்தின் தலைகளுக்கு மேல் கத்தினார்.

"அண்ணே! ஒழுகல! ஒரு சொட்டு இல்ல!"

"சாப்டியா தவுக்கே?" என்று தம்பி பதிலுக்குக் கத்தினான்.

"அப்புறம் லா! அந்தப் பாதிய அளந்துட்டு வாரேன்!"

கால்சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, கொட்டுகிற மழையில் அவர் திறந்த மண்டபத்துக்குள் இறங்கினார். என் பக்கத்தில் தம்பியின் கை தன்னாலே சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போனது.

"அவர் அளக்கட்டும்டா. நீ எதையும் எழுதிடாத" என்றேன்.